தி.நகருக்கு இருபது நிமிடம்

திருவான்மியூர்,
29.4.2024

திரு. ஜவஹர் அவர்களுக்கு,

கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் ஜவுளிக்கடை விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். நான் ஜோதிலட்சுமி, மயிலாப்பூரில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. உங்கள் தங்கை மதுமதியோடு பதினோரு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிவிட்டுத் தொடங்கத் தோன்றுகிறது.

பதினெட்டாம் தேதி மதியம் அடையாறு மருத்துவமனையில் அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் நின்றோம். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவளைப் பார்த்தீர்கள். உங்களைப் போனில் கூப்பிட்டது நான். எனக்கு நாடாளுமன்றத் தேர்தல் வேலை, அன்று மாலையே வாக்குச்சாவடிக்குப் போயாக வேண்டும், பத்தொன்பதாம் தேதி ராத்திரி மிஷின்களை ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவேன், அதுவரை கூட இருங்கள் என்று கேட்டேன். நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை எடுத்தாயிற்று, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

பத்தொன்பதாம் தேதி இரவு ஒன்பதே முக்காலுக்கு ஓடி வந்தேன். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா, “அவுங்க அண்ணன் ஊருக்கு எட்துக்கினு போய்ட்டாரும்மா. நீ இன்னா ஆவணும் அவுங்களுக்கு?” என்று கேட்டார். அவள் இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதற்கு முன் பதினான்கு முறை கூப்பிட்டிருந்தேன், உங்கள் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும். ஒரு மணி நேரம் காத்திருக்க முடியவில்லையா உங்களால்? கடைசி முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் கடைசியாக என்ன சொன்னாள், வலி இருந்ததா, அதையாவது எழுதுங்கள். சண்டை போட எழுதவில்லை. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

ஜோதிலட்சுமி


தியாகராய நகர்,
6.5.2024

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கடையில் நாலு பேர் பார்க்கப் பதிவுத் தபால் வாங்க எனக்குச் சங்கடம். இனி சாதாரணத் தபாலில் அனுப்பவும்.

காத்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஐம்பதுக்கு உங்களுக்குப் போன் செய்தேன், கட் செய்தீர்கள். ஆறேகாலுக்கு எடுத்தீர்கள். மூச்சு வாங்குகிறது, சீரியஸ் என்றேன். உடனே வருகிறேன் என்றீர்கள். இருபது நிமிட தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் வரவில்லை. ஆறு நாற்பதுக்கு அவள் போய்விட்டாள். மூன்று தடவை ஜோதி வந்துவிட்டாளா என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று மூன்று தடவையும் நான் பொய் சொன்னேன். நீங்கள் ஒரு மிஷினுக்குக் காவல் இருந்தீர்கள். என்ன உறவு என்று உங்களுக்காக நான் காத்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

ஊரில் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. பிள்ளை முகத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும். திசையன்விளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் கிளம்பினோம். எல்லாக் காரியமும் முறைப்படி செய்துவிட்டோம்.

அன்று மதியம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பேசினாள், சிரித்தாள். அப்புறம் வெளியே... சரி, அதை விடுங்கள்.

அவளுடைய படிப்புச் சான்றிதழ்களையும் ஆதார் அட்டையையும் கடைக்கு அனுப்பிவைக்கவும். மற்றவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜவஹர்


திருவான்மியூர்,
12.5.2024

ஜவஹர் அவர்களுக்கு,

சான்றிதழ்களை இதோடு வைத்திருக்கிறேன். ஆதாரை மட்டும் அனுப்ப முடியாது. அதில் இந்த வீட்டு விலாசம் இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அரசாங்கத் தாள் அதுதான்.

ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் முதல் வாரத்தில் தேர்தல் வேலையிலிருந்து விலக்குக் கேட்டு மனு எழுதினேன். நோயாளியின் பெயர் மதுமதி என்று எழுதினேன். உறவு என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். வாங்கிய எழுத்தர் பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார். உடன் வசிப்பவர் என்றேன். கணவர், பெற்றோர், பிள்ளைகள் என்றால் மேலே அனுப்பலாம் மேடம், இதை அனுப்பினால் எனக்குத்தான் திட்டு விழும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மதுவிடம் சொன்னேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். போன அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் திருமணம் செய்துகொள்வது பற்றிய வழக்கு. சட்டம் போடுவது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அன்று நான் அழுதேன், மது அழவில்லை. பாராளுமன்றத்துக்கு யார் போவது என்று நம்மிடம் ஒரு நாள் கேட்பார்கள் இல்லையா, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். தேர்தல் வந்ததும், கண்ணாடிக் கடையில் அடுத்தவர்களுக்குக் கண் பரிசோதித்த அதே பொறுமையோடு, எல்லாக் கட்சி அறிக்கைகளையும் போனில் தேடித் தேடிப் படித்தாள். எங்களைப் பற்றி ஒன்றிரண்டில்தான் ஏதோ இருந்தது. ஒன்றில் ஒரே ஒரு வரி. சேர்ந்து வாழ்வதைச் சட்டம் அங்கீகரிக்கும் என்பது மாதிரி. அதை ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வரியை நம்பி இவ்வளவா என்று கேலி செய்தேன். உனக்கு ஒரு வரி கம்மியாகத் தெரிகிறதா, மனுவில் ஒரு சொல்கூட எழுத முடியாமல் திரும்பி வந்தவள்தானே நீ என்றாள்.

இனி அந்த நாள். தி.நகரில் ஒரு பள்ளியில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். கடைசி ஒரு மணி நேரத்தில் வரிசை நீண்டுவிட்டது. உங்கள் முதல் போனைக் கட் செய்தேன், உண்மைதான். ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து முடிக்கும்போது இரண்டாவது போன் வந்தது. மண்டல அலுவலர் அப்போது அங்கேதான் நின்றார். சார், ஆஸ்பத்திரியில் சீரியஸ், நான் போக வேண்டும் என்றேன். எனக்கு அடுத்த அலுவலர் தௌசீஃப், உருது நடுநிலைப் பள்ளி ஆசிரியர், “மேடம், நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்குறேன்” என்றார். அப்படிப் பொறுப்பை மாற்றிக் கொடுக்க விதியில் இடம் இருந்தது. மண்டல அலுவலரும் ஃபைலை எடுத்துவிட்டார். எழுதுவதற்கு முன் கேட்டார்: “யாரு மேடம், ஹஸ்பெண்டா? அம்மாவா?”

சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். கட்சி ஏஜெண்டுகள், போலீஸ்காரர், வரிசையில் நின்றவர்கள். அதில் இரண்டு பேர் என் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர்.

“தோழி” என்றேன்.

அவர் ஃபைலை மூடிவிட்டார். “அப்ப சீல் வெச்சிட்டே போய்டுங்க மேடம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தோழி என்றால் அவ்வளவுதானே யாருக்கும்.

அக்கா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆறு முப்பத்தைந்துக்கு உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேன். உண்மையையும் சொல்லவில்லை, பொய்யையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஆபத்தில்லாத ஒரு சொல்லைச் சொன்னேன். மிஷினுக்குக் காவல் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத்தான் காவல் இருந்தேன்.

இன்னொன்று. கீழ் வீட்டு அனிருத் நேற்று துக்கம் கேட்க வந்தான். அக்கா வீல்சேரில் ஓட்டுப் போட வந்தார்களே, அன்றைக்கேவா போனார்கள் என்று கேட்டான். அவள் ஓட்டுப் போடப் போகவே இல்லையே என்றேன். கண்ணால் பார்த்தேன் என்கிறான், மாலை நாலு மணி போல, திருவான்மியூர் பள்ளியில் என்கிறான். அது உண்மையா? உங்கள் கடிதத்தில் வெளியே என்று தொடங்கி நிறுத்தியது இதைத்தானா?

ஜோதிலட்சுமி


தியாகராய நகர்,
9.6.2024

டீச்சர் அவர்களுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தேர்தல் முடிவு வந்த அன்று கடைக்குள் எல்லாரும் டிவி முன்னால் நின்றார்கள். கடைக்காரனுக்கு எல்லாக் கட்சியும் வாடிக்கையாளர்தான். யார் ஜெயித்தாலும் வேட்டியும் துண்டும் நம் கடையில்தான் எடுப்பார்கள் என்று வழக்கம்போல ஒருவர் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மேலே குடோனுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அனிருத் சொன்னது உண்மை.

மதியம் சாப்பாடு முடிந்ததும் கேட்டாள்: “அண்ணே, என்னை ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறியா?”

இந்த உடம்போடயா என்றேன். ஒத்த ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்றேன். “ஒரு வரிக்காகண்ணே” என்றாள். எனக்கு விளங்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. நர்ஸ் கூடாது என்றார். டாக்டர், ரொம்பப் பிடிவாதம் பிடித்தால் உங்கள் பொறுப்பில் ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள், எழுதிக் கொடுங்கள் என்றார். ஒன்பது வருடமாக அவளுக்கு நான் எதுவும் செய்யவில்லை. அவள் கேட்ட முதல் காரியம் அது. கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சாய்தளம் இருந்தது. வீல்சேரைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். உள்ளே அவள் தானாகவே எழுந்து நடந்துபோய்ப் போட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து விரலை என் முகத்துக்கு நேரே காட்டினாள். சின்னப் பிள்ளையில் மிட்டாய் தின்ற நாக்கை நீட்டிக் காட்டுவாள், அதே மாதிரி.

இதுவரைக்கும் எழுதியது சுலபம். மீதியை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

கார் திருவான்மியூர் சிக்னலில் நின்றது. மணி நாலேகால். “அண்ணே, அப்படியே தி.நகர் போவோமா” என்றாள். எதுக்கு என்றேன். “ஜோதி ஸ்கூல் வாசல்ல வண்டிய நிறுத்து. நான் இறங்க மாட்டேன். எட்டிப் பாத்துட்டு வந்துருவோம்.”

நீங்கள் இருந்த பள்ளி எங்கள் கடைக்கு இரண்டு தெரு பின்னால். வாசலிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிக் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் என் காரைத் தெரியும். ஒரு மேசையில் எங்கள் தாய்மாமா இருந்தார். ஓடிப்போன பெண் என்று ஒன்பது வருடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவளைக் காரில் வைத்துக்கொண்டு, உங்களைப் பார்க்க, அந்தத் தெருவுக்கு. எனக்கு அது முடியவில்லை.

“டிராஃபிக்கா இருக்கும் மது” என்றேன்.

தேர்தல் லீவு. கடை எல்லாம் அடைப்பு. சாலையில் நாய்கள் படுத்துக் கிடந்தன. அவள் கண்ணாடி வழியாக அந்தச் சாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரிண்ணே” என்றாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சரி என்று சொன்னாள்.

அடையாறு பாலத்துக்கு முன்னாலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்ததும் கொஞ்சம் அடங்கியது, ஐந்தரைக்கு மேல்தான் மோசமானது. வலி இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். வலி இல்லை, மூச்சுதான். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கூட்டிப் போனதால்தான் ஆயிற்றா என்று டாக்டரைக் கேட்டேன். எப்போது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம், அப்படி நினைக்காதீர்கள் என்றார். அப்படி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு மாமா வந்தார். அந்தப் பொம்பளை வந்து கூப்பாடு போடுவதற்குள் கிளம்பு என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் இரண்டு போனும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. எட்டரைக்கு இரண்டையும் அணைத்தேன். அம்மாவுக்காக அவசரப்பட்டேன் என்று போன கடிதத்தில் எழுதியது பாதிதான். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நீங்கள் ஒரு சொல்லுக்காக உங்களை வருத்திக்கொள்கிறீர்கள். உங்களிடம் கேட்டவர் ஊர் பேர் தெரியாத அதிகாரி. என்னிடம் கேட்டது என் தங்கை.

ஜவஹர்


திருவான்மியூர்,
16.6.2024

ஜவஹர்,

நாலரை மணிக்கு வரிசை காலியாக இருந்தது. அந்த நாளிலேயே காலியாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். தௌசீஃப் டீ வாங்கி வந்தார். நான் கோப்பையோடு வாசல் வரை வந்து நின்று குடித்தேன். தெருவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றிரண்டு கார் போனது.

அன்று அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விரலை உங்களுக்குக் காட்டியிருக்கிறாள். அதை நான் பார்த்திருக்க வேண்டும். மாத்திரை டப்பாவில் அந்தத் தாள் அப்படியே இருக்கிறது. அந்த வரியை அச்சிட்டவர்கள் இப்போது எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே ஜெயித்திருந்தாலும் செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அவளுக்காவது அந்தச் சந்தேகம் வராமல் போனதே.

உண்மையை எழுதியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று புத்தி சொல்கிறது. எனக்கு வரவில்லை. இனி எழுதாதீர்கள்.

ஜோதிலட்சுமி


தியாகராய நகர்,
8.11.2024

டீச்சர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஐந்து மாதம் எழுதவில்லை. இது எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார், சிக்னல், நான் சொன்ன பொய், போனை அணைத்தது எல்லாவற்றையும். மூன்று நாள் அவர்கள் என்னோடு பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார்கள். நாலாம் நாள், நான் கிளம்பும்போது, “அந்தப் புள்ளைய நான் பாக்கணும். எம்மவ இருந்த வீட்டையும் பாக்கணும்” என்றார்கள். மாமாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்றேன். அவன் கிடக்கான் என்றார்கள். அம்மா தன் தம்பியைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டிசம்பர் முதல் வாரம் கண் சிகிச்சைக்காக இங்கே அழைத்து வருகிறேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவர்களை அங்கே விடலாமா? முடியாது என்றால் பதில் போட வேண்டாம், புரிந்துகொள்கிறேன். முடியும் என்றால் ஒரு கார்டு போதும்.

ஜவஹர்


திருவான்மியூர்,
8.12.2024

ஜவஹர் அவர்களுக்கு,

கார்டில் வரலாம் என்ற ஒரு சொல் மட்டும் எழுதினேன். இதை நீளமாகவே எழுதுகிறேன். போகும்போது அம்மா உங்களிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு மணி நேரம் என்றீர்கள், ஆறு மணி நேரம் இருந்தார்கள். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் பேச ஆரம்பிப்பதற்குள் எழுந்து வீட்டைச் சுற்றினார்கள். அடுக்களையில் டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்தார்கள். கருப்பட்டி இருந்தது. அவளுக்காக வாங்கியது, நான் தொடவில்லை. ஒரு துண்டை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

பிறகு, “எம்மவ எங்கன படுப்பா?” என்று கேட்டார்கள்.

ஜவஹர், இந்த வீட்டில் இருப்பது ஒரு படுக்கை அறை, ஒரு கட்டில். வாசல் கதவைத் திறந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. அறையைக் காட்டினேன். கட்டிலைப் பார்த்தார்கள். இரண்டு தலையணைகளையும் பார்த்தார்கள். ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “எந்தப் பக்கம்?” என்றார்கள். ஜன்னல் பக்கம் என்றேன். செருப்பைக் கழற்றுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன்.

எழுந்ததும் சாப்பிட்டார்கள். “ஏட்டி, அவ இங்க நல்லா இருந்தாளா?” என்று கேட்டார்கள். இருந்தாள் என்றேன். அது போதவில்லை போல, என்னையே பார்த்தார்கள். அதனால் சண்டைகளையும் சொன்னேன். குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதற்காகப் போட்ட சண்டை, என் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவந்தால் வீட்டை இரண்டு நாள் திறந்து போட்டு அவள் முணுமுணுத்தது, பிறகு அவளே அதை அதிகம் தின்றது. அம்மா சிரித்தார்கள். அப்புறம் அழுதார்கள். நானும்தான். அவள் போனதற்காக இன்னொருவரோடு சேர்ந்து நான் அழுதது அதுதான் முதல் தடவை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதியே போய்ப் பரீட்சை நடத்தினேன்.

முகம் பார்க்கவில்லையாமே என்று அவர்களாகவே கேட்டார்கள். எப்படி இருந்தாள் என்று சொன்னார்கள். எந்தச் சேலை, தலை எப்படிச் சீவியிருந்தது, நெற்றியில் என்ன, எல்லாம். நான் கேட்காததையும் சொன்னார்கள். அதை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் இரண்டு பேருக்கும்.

அவளுடைய பழைய நைட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்காமல்தான் எடுத்தார்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.

அம்மா தூங்கும்போது பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் கார் நின்றது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு மணிக்கும் பார்த்தேன், இரண்டரைக்கும் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது.

மன்னிப்பு என்ற சொல்லை நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. எனக்கு அந்த இருபது நிமிடம் தினமும் வருகிறது, சாயங்காலம் நாலேகால் ஆனால் வருகிறது. உங்களுக்கும் வரும் என்று தெரியும்.

அம்மா தை மாதம் மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாடி அவர்களால் தனியாக ஏற முடியாது. கைப்பிடித்து அழைத்துக்கொண்டு நீங்களும் மேலே வர வேண்டியிருக்கும். வந்தால் கதவைத் திறப்பேன், சாப்பாடு போடுவேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜோதி